செய்கூலி, சேதாரம்

பியூட் நகரில் பிப்ரவரி.
கதவைத் திறந்ததும் முதலில் பனி உள்ளே வந்தது,
அப்புறம் ஆரின் ட்வைட்,
கக்கத்தில் ஒரு நீல வெல்வெட் பெட்டி.
அப்பாவுடையது என்றான்.
மாதத்துக்கு ஒன்று தபாலில் வருமாம், மூன்று வருடம்.

'மேற்கைத் திறந்தவர்கள்.'
முப்பத்தாறு வெள்ளிப் பதக்கங்கள்.
அதைப் பூட்டி வைத்திருந்தது யார் என்று
பெட்டியில் எங்கும் போடவில்லை.

என் அடகுக் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே தராசு.
கல்யாண மோதிரம், செத்தவர் வாயிலிருந்து வந்த பொற்பல்,
யாரோ பாதியில் விட்ட எக்காளத்தின் வாய்.
இப்போது இவர்கள்:
வண்டித்தடம் போட்டவர்,
ஆற்றுக்குத் தன் பெயரை வைத்தவர்,
அம்மை மருந்தையும் சங்கீதப் புத்தகத்தையும்
ஒரே பையில் சுமந்து வந்தவர்.
எல்லோரும் வலப்பக்கமே பார்க்கிறார்கள்,
அங்கிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி.
முப்பத்தாறு பேருக்கும் ஏறக்குறைய ஒரே தாடி.
செதுக்கியவன் பாவம்,
மாதம் ஒரு முகம் கொடுத்தாக வேண்டும்;
படம் கிடைக்காதவருக்குப்
போன மாதத்து மூக்கையே ஒட்டியிருப்பான்.
மனைவிமாருக்குச் சான்றிதழின் பின்புறம்
ஆளுக்கு அரை வரி.

பிளாஸ்டிக் உறை பிரியாமல் முப்பத்தைந்து.
பதினேழாவது மட்டும் வெறும் உடம்போடு கிடந்தது.
அருட்திரு லெமுவேல் ஹார்க்னெஸ் என்று
விளிம்பில் பெயர் இருக்கிறது,
நடுவில் ஆள் இல்லை.
நெற்றி, மூக்கு, தாடி எல்லாம் வழித்தெடுத்தாற்போல;
சோப்புத் துண்டில் மிஞ்சும் எழுத்தைப் போல
ஒரு காது மட்டும் பாக்கி.

"சுரங்கத்துக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்திருப்பார்."
பக்தியா என்றேன்.
"இல்லை. புகையிலையை விட்டுவிட்டார்.
கட்டைவிரலுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது."

வெர்னா ஃபின்லே என் கணக்குகளை எழுதுகிறவள்,
வடக்கே ஏரிக்கரையில் அவளுடைய ஜனங்கள்.
எழுந்து வந்தாள். உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு
பதினேழைப் புரட்டினாள்.
விரல் படாத பக்கம், புதுசாய் இருந்தது:
ஒரு தேவதாரு, தூக்கிய புத்தகம்,
பாதிரியின் காலடியில்
அரிசி அளவில் மண்டியிட்ட ஒரு பெண்.
அத்தனை சின்ன முகத்தில் கண் வைக்க முடியாது.
வைக்கவில்லை.

வெர்னா நெடுநேரம் பார்த்தாள்.
வெளியே உப்பு தூவும் லாரி இரண்டு முறை போய்விட்டது.
பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:
"இவள் செருப்பு வாரைக் கட்டுகிறாள்.
கையைப் பார். முடிச்சு விழுந்தாயிற்று.
கிளம்பப் போகிறாள்."

ஆரின் குனிந்தான். நானும்.
ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டால்
வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.
பாதிரி படித்துக்கொண்டே இருக்கிறார்.

நான் வியாபாரி, தராசுக்குத் திரும்பினேன்.
செய்கூலி கிடையாது, தம்பி;
உருக்குகிறவனுக்கு முகம் வேண்டாம்.
சேதாரம் உண்டு.
பதினேழு மற்றவற்றைவிட இரண்டு கிராம் குறைவு.
அந்த இரண்டு கிராம் எங்கே போயிருக்கும்?
அவர் பிட்டுத் தின்ற ரொட்டியில்,
கைப்பிடிகளில்,
தூங்கும் மகனின் தலையை ஒருநாள் தடவியிருந்தால் அதில்.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவன் விலை கேட்டிருந்தான், விலை சொன்னேன்.

வெர்னா கேட்டாள்: இந்த ஒன்றை எனக்குத் தருகிறாயா?
அவன் யோசித்தான்.
யோசிக்கும்போதே கட்டைவிரல் ஊர ஆரம்பித்துவிட்டது,
அப்பன் விட்ட இடத்திலிருந்து.
"இல்லை" என்றான், மன்னிப்புக் கேட்கும் குரலில்.
அவள் தலையாட்டினாள். கோபமில்லை.
அல்லது எனக்குக் காட்டவில்லை.

முப்பத்தைந்தும் வியாழக்கிழமை உலைக்குப் போயின.
ஆற்றுக்குப் பெயர் வைத்தவர்
தன் பெயரும் ஆறும் சேர்ந்து
ஒரே கட்டியாக ஆகியிருப்பார்.

மாதக் கடைசியில் பேரேட்டைப் புரட்டினேன்.
வெர்னாவின் குண்டுக் கையெழுத்து:
வந்தவை முப்பத்தாறு, வாங்கியவை முப்பத்தைந்து.
குறிப்புக்கான கட்டத்தில்
வழக்கமாக ஒரு கோடுதான் போடுவாள்.
அன்றைக்கு எழுதியிருந்தாள்:
ஒருத்தி கிளம்பிவிட்டாள்.